மூன்று நாள் நின்றாலும் ஆகாத டீசல், முக்கால் மணி நேரத்தில் ஆவது எப்படி? எல்லைச் சாவடிப் புகைக் கணக்கு

எங்கள் சித்தப்பா ஓசூரிலிருந்து சேஸிஸ் ஓட்டியவர். கூண்டு கட்டாத வெறும் லாரிச் சட்டம், ஒரு தற்காலிக இருக்கை, தலையைச் சுற்றித் துண்டு. வெயிலும் மழையும் நேராக மேலே விழும். அப்படியே ஒருமுறை மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் வரை போயிருக்கிறார். அதற்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தின் பேனாபோல். தெற்காசியாவின் மிகப் பெரிய தரைவழிச் சரக்கு வாசல் அதுதான். எல்லை தாண்டுவதற்கு முன் மூன்று நாள் காத்திருந்தாராம்.

"மூணு நாளா? டீசல் எவ்வளவு ஆச்சு சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அங்க டீசலே ஆகலப்பா. பார்க்கிங்ல போட்டு ஆஃப் பண்ணிட்டு, சமைச்சு சாப்பிட்டுப் படுத்துக் கிடந்தோம். இங்க நம்ம அத்திப்பள்ளி பார்டர்ல முக்கா மணி நேரம் வரிசையில நிப்போம் பாரு, அதுலதான் போகும்."

எல்லைச் சாவடிகளில் வாகனப் புகையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கியபோது இந்த வார்த்தைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. காத்திருக்கும் நேரம் வேறு, புகை வேறு. அந்த நேரத்தில் எஞ்சின் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

முதலில், ஏன் மதிப்பிட வேண்டும், நேராக அளந்துவிட முடியாதா? ஒரு வண்டி என்றால் முடியும். புகைக்குழாயில் கருவியைப் பொருத்தி, வண்டி ஓட ஓட வாயுக்களை அளக்கும், வண்டியிலேயே ஏற்றிச் செல்லும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் அவை விலை அதிகம், பொருத்தவே நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வண்டி போகும் இடத்தில் ஒவ்வொன்றிலும் மாட்ட முடியாது. காற்றில் உள்ள மாசை அளக்கும் நிலையம் ஒன்றை அருகில் வைக்கலாம். அது எவ்வளவு மாசு இருக்கிறது என்று சொல்லும், எது வரிசையிலிருந்து வந்தது, எது பக்கத்து ஜல்லி கிரஷரிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே வேறு வழி. சில வண்டிகளில் மட்டும் துல்லியமாக அளந்து, "இந்த வகை வண்டி இந்த வேலையைச் செய்தால் மணிக்கு இவ்வளவு விடும்" என்று ஒரு அட்டவணை தயார் செய்வார்கள். அதற்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். பிறகு சாவடியில் எத்தனை வண்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், என்ன வேலை என்று எண்ணுவார்கள். இரண்டையும் பெருக்கினால் விடை. வீட்டு மின்கட்டணம் போலத்தான்: ஃபேன் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடியது.

புகை என்றவுடன் கறுப்பாகக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். கணக்கில் முக்கியமாக மூன்று சரக்கு வரும். கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள். முதலாவது பூமியைச் சூடாக்குவது, பின்னிரண்டும் பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சுக்குள் போவது. மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கார்பன் டை ஆக்சைடு மிகச் சுலபம். எரிந்த டீசல் தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு, அதிலிருந்து எப்படி 2.7 கிலோ வாயு வரும் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டீசல் லிட்டருக்குச் சுமார் 840 கிராம், அதில் 87 விழுக்காடு கார்பன், அதாவது 730 கிராம் சொச்சம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. கார்பனின் அணு எடை 12, சேர்ந்து வருவது 44. எனவே 44-ஐ 12-ஆல் வகுத்துப் பெருக்குகிறோம். கூடுதல் எடை காற்று கொடுத்தது.

வரிசையை எண்ணுவது

இப்போது ஒரு கற்பனைச் சாவடி வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. லாரிகளுக்கு ஒரே ஒரு வழி. நிமிடத்துக்கு ஒரு லாரி வந்து சேர்கிறது, நிமிடத்துக்கு ஒரு லாரி சோதனை முடிந்து வெளியேறுகிறது. ஒவ்வொரு லாரிக்கும் 45 நிமிடம் ஆகிறது. வரிசையில் எத்தனை லாரி நிற்கும்?

45. நிமிடத்துக்கு ஒன்று, 45 நிமிடம், பெருக்கினால் ஆயிற்று. பார்த்தால் குழந்தைக் கணக்கு போலத் தெரியும், ஆனால் வண்டிகள் எப்படி ஒழுங்கில்லாமல் வந்தாலும் நீண்ட நேரச் சராசரியில் இது பொருந்தும் என்று 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணித முறையில் நிறுவினார். லிட்டில் விதி என்றே பெயர். இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இது திருப்பியும் வேலை செய்யும். ஒரு லாரிக்கு இடைவெளியோடு சேர்த்து 20 மீட்டர் என்று வைத்தால் 45 லாரிக்கு 900 மீட்டர். வரிசையின் நீளத்தைக் கண்ணால் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை வண்டி வெளியேறுகிறது என்று வாசலில் எண்ணினால், யாரையும் கேட்காமலே காத்திருப்பு நேரம் தெரிந்துவிடும்.

பெரிய எல்லைகளில் இதை எந்திரமே செய்கிறது. அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் சரக்கு லாரிகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மின்னணுச் சீட்டை இரண்டு மூன்று இடங்களில் படித்து, வரிசையின் வாலிலிருந்து வாசல்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று கணிக்கிறார்கள். காருக்குள் இருக்கும் போன்களின் ப்ளூடூத் சமிக்ஞையையும் அதேபோலப் பயன்படுத்துவதுண்டு. 2021 பிப்ரவரியிலிருந்து நம் டோல்கேட்டுகளில் கட்டாயமான ஃபாஸ்டேக்கும் அதே இனத்துச் சீட்டுதான். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் அது காசு எடுப்பதற்கு, அங்கே நேரம் பார்ப்பதற்கும் பயன்படுகிறது.

சரி, டீசலுக்கு வருவோம். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதை டிரைவர்கள் ஐடில் என்பார்கள். அமெரிக்க நெடுந்தூர லாரி ஐடிலில் மணிக்கு 3 லிட்டர் வரை குடிக்கும். ஏசி, ஹீட்டர் எல்லாம் ஓடுவது அதற்கு ஒரு காரணம். நம் கணக்குக்கு 2 லிட்டர் என்று வைப்போம். 45 நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். மணிக்கு 60 லாரி, ஆக 90 லிட்டர். 2.7-ஆல் பெருக்கினால் மணிக்கு 243 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

பல எளிய மதிப்பீடுகள் இங்கேயே நின்றுவிடும். ஆனால் இது தவறு.

நிற்பது அல்ல, நகர்வது

வரிசையில் லாரி 45 நிமிடமும் நிற்பதில்லை. முன்னால் ஒரு வண்டி வெளியேறும் ஒவ்வொரு முறையும் எல்லாரும் 20 மீட்டர் முன்னே போக வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை கிளட்ச், முதல் கியர், ஒரு இழுப்பு, பிரேக். மொத்தம் 45 இழுப்பு. "எத்தனை தடவை கிளட்ச் மிதிச்சேன்னு என் முட்டிக்குத்தான் தெரியும்" என்பார் சித்தப்பா. அந்த முட்டிக்குத் தெரிந்ததை நாம் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

லோடோடு சேர்த்து லாரி 40 டன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்கு வர, பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரப்படி சுமார் 155 கிலோஜூல் வேண்டும். 20 மீட்டருக்கு டயர் உருளும் தடையைத் தாண்ட இன்னொரு 55. மொத்தம் 210 கிலோஜூல். பிறகு பிரேக் அடிக்கும்போது அந்த இயக்க ஆற்றல் எல்லாம் பிரேக் டிரம்மில் சூடாகப் போய்விடும், அடுத்த இழுப்புக்கு மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது, அதில் 40 விழுக்காடு சக்கரத்துக்குப் போகிறது என்று தாராளமாக வைத்தால், ஒரு இழுப்புக்கு 15 மில்லி லிட்டர். மருந்து மூடி அளவுதான். ஆனால் 45 இழுப்புக்கு 675 மில்லி. கிளட்ச் வழுக்கலில் வீணாவதை நான் சேர்க்கவே இல்லை.

ஐடிலுக்கு ஒன்றரை லிட்டர், இழுப்புக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒரு லாரிக்கு ஏறத்தாழ 2.2 லிட்டர். ஐடிலை மட்டும் எண்ணியவர் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டார். மணிக்கு 243 கிலோ என்று சொன்னது சுமார் 350 கிலோ ஆகிறது.

இதிலிருந்து ஒன்றைக் கழிக்கவும் வேண்டும். வரிசையே இல்லாவிட்டாலும் அந்த லாரி அந்த 900 மீட்டரைக் கடந்துதான் இருக்கும். லிட்டருக்கு 4 கி.மீ. என்று வைத்தால் கால் லிட்டருக்கும் குறைவு. அதைக் கழித்தால், சாவடியால் மட்டும் ஆன செலவு லாரிக்கு 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சாவடியின் மொத்தப் புகை, சாவடியால் கூடிய புகை இரண்டும் வெவ்வேறு எண்கள். எந்த அறிக்கையைப் படித்தாலும் இதில் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டால் என்ன என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். நானும் கேட்டேன். சித்தப்பா பொறுமையாக விளக்கினார். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. பழைய வண்டியில் நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசியும், திரும்ப ஸ்டார்ட் செய்து காற்று ஏறும்வரை பிரேக் விடாது, வண்டி நகராது. அதற்குள் பக்கத்து வண்டி உள்ளே புகுந்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை செல்ஃப் அடித்தால் பேட்டரியும் போகும், செல்ஃப் மோட்டாரும் போகும். டிரைவரின் அலட்சியம் என்று இதைச் சொல்வது அநியாயம். வரிசை நகரும் விதம்தான் எஞ்சினை ஓடவைக்கிறது.

அதே 45 நிமிடத்தை வேறு மாதிரி வைத்துப் பாருங்கள். லாரிகளை ஒரு மைதானத்தில் நிறுத்தி, டோக்கன் கொடுத்து, பத்துப் பத்தாக வாசலுக்கு அழைக்கிறோம். காத்திருப்பு நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஆனால் 45 இழுப்பு நான்கைந்தாகச் சுருங்குகிறது, நடுவில் எஞ்சினை அணைக்க முடிகிறது. டீசல் செலவு அரை லிட்டருக்குக் கீழே இறங்கிவிடும். டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வருவதுபோல. பெட்ராபோலில் சித்தப்பா கண்டது இதன் கரடுமுரடான வடிவம், ஆனால் மூன்று நாள் என்பது டிரைவரின் வாழ்க்கையில் மூன்று நாள். அதை நல்லது என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2022-இல் மேற்கு வங்க அரசு அங்கே சுவிதா என்ற பெயரில் லாரிகளுக்கு முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. வந்து காத்திருப்பதற்குப் பதில், நேரம் குறித்துக்கொண்டு வருவது. புகை, காத்திருப்பு என்ற இரண்டு கஷ்டத்துக்கும் மருந்து இந்த முன்பதிவு வழியில்தான் இருக்கிறது.

தொப்பூர் ஏற்றமும் எஞ்சினின் சுமையும்

நான் மேலே போட்டது கைக்கணக்கு. நிபுணர்கள் இதையே விநாடி விநாடியாகப் போடுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மூவ்ஸ் என்ற மென்பொருள்தான் அந்த நாட்டு எல்லைச் சாவடி ஆய்வுகளில் பெரும்பாலும் புழங்குவது. மெக்சிகோவின் வண்டிகளுக்கேற்பத் திருத்திய பதிப்பும் அதற்கு உண்டு. அதன் உள்ளே இருக்கும் கருத்து அழகானது. அதைச் சொல்ல நம் தொப்பூர் கணவாயைவிட நல்ல இடம் கிடைக்காது.

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் லாரி தொப்பூரில் ஏற்றம் ஏறுகிறது. தருமபுரியிலிருந்து சேலம் போவது இறங்குகிறது. இரண்டும் மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமானி ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் ஏறும் வண்டி முக்கி முனகி டீசலைக் குடிக்கிறது, கியரில் இறங்கும் புது வண்டியில் டீசல் கிட்டத்தட்ட நின்றுபோகிறது, அதை இழுத்துப் பிடிப்பதுதான் பாடு. ஆகவே வேகத்தை மட்டும் வைத்துப் புகையைச் சொல்ல முடியாது. வேகம், வேகம் கூடும் விதம், சாலையின் சாய்வு, காற்றுத் தடை எல்லாம் சேர்ந்து எஞ்சினிடம் அந்த விநாடியில் எவ்வளவு வேலை கேட்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு டன் எடைக்கு எத்தனை கிலோவாட் என்று அதை எழுதுவார்கள். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹோசே ஹிமேனெஸ் 1999-இல் தம் ஆய்வேட்டில் இந்த அளவைச் செப்பமாக்கினார்.

மூவ்ஸ் இந்தச் சுமையையும் வேகத்தையும் வைத்து, ஓடும் வண்டியின் நிலைகளை 23 பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிரேக் பிடிக்கும் விநாடி ஒரு பெட்டி. மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கும் குறைவு என்றால் ஐடில் பெட்டி. மெதுவாக, சுமையோடு இழுக்கும் விநாடி இன்னொன்று. கனரக வண்டிகளுக்குச் சுமையைக் கணக்கிடும் முறை கொஞ்சம் வேறு, கருத்து ஒன்றே. வண்டியில் ஜிபிஎஸ் வைத்து ஒவ்வொரு விநாடியின் வேகத்தையும் பதிந்துகொண்டால், எந்தப் பெட்டியில் எத்தனை விநாடி விழுகிறது என்று எண்ணிவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டவணையில் உமிழ்வுக் காரணி இருக்கிறது. பெருக்கு, கூட்டு.

சராசரி வேகத்தை வைத்துக் கணிக்கும் முறைகளும் இருக்கின்றன. ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கும் கோபர்ட் என்ற மென்பொருள் அந்த வகை. ஒரு மாநிலம் முழுவதற்கும் கணக்குப் போட அது போதுமானது, வேலையும் குறைவு. ஆனால் நம் கற்பனை வரிசையின் சராசரி வேகம் என்ன? 45 நிமிடத்தில் 900 மீட்டர், மணிக்கு 1.2 கி.மீ. ஊன்றுகோலோடு நடக்கும் பாட்டிகூட இதைவிட வேகமாகப் போவார். அந்த எண்ணுக்குள் 45 இழுப்பு இருந்ததா, நான்கு இருந்ததா என்று தெரியவே தெரியாது. எல்லைச் சாவடிக்கு விநாடிக் கணக்குதான் சரி என்று நான் உறுதியாக நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிறகு சொல்கிறேன் என்றேன். கார்பன் டை ஆக்சைடு டீசலின் நிழல்போல, டீசல் எவ்வளவோ அதுவும் அவ்வளவு. இவை அப்படி அல்ல. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் என்ற இந்தியப் புகை விதியின் ஆறாம் கட்டம்) பெரிய லாரிகளில் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலை ஊற்றுகிறோம் அல்லவா? அது சூடான புகையில் அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாக்கிவிடும். ஆனால் அதற்கு, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டி சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் இருக்கும். முக்கால் மணி நேரம் ஐடிலில் நின்றால் ஆறிப்போகும். புத்தம் புது லாரி, சான்றிதழ் எல்லாம் சுத்தம், ஆனால் சரியாக மனிதர்கள் கூடி நிற்கும் இடத்தில் அதன் சுத்திகரிப்பு தூங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நெடுஞ்சாலைக்குரிய காரணியை எடுத்துச் சாவடிக்குப் போட்டால் விடை ஏன் குறைந்து வரும் என்பதும் இதனால்தான்.

நாடுகளின் எல்லையில் கூடுதல் சிக்கல்

அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஓசூரின் ஜூஜூவாடி, தமிழ்நாடு, கர்நாடகம் என்ற இரண்டு மாநிலங்களின் எல்லை. இரு பக்கமும் ஒரே டீசல், ஒரே பிஎஸ் விதி, பதிவு எண் பலகையில் முதல் இரண்டு எழுத்து மட்டும் வேறு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகளும் போய்விட்டன. நாடுகளின் எல்லையில் அப்படி ஒரே நாளில் கதவைக் கழற்ற முடியாது. கடவுச்சீட்டு, சுங்கம், பாதுகாப்பு எல்லாம் இருக்கும்.

அங்கே முதல் சிக்கல், வரிசை ஒரு நாட்டில், வாசல் இன்னொரு நாட்டில். கலிபோர்னியாவின் சான் இசிட்ரோ மேற்கு அரைக்கோளத்திலேயே மிக நெரிசலான தரைவழி எல்லைச் சாவடி. சோதிப்பவர் அமெரிக்க அதிகாரி. ஆனால் வடக்கே போகும் கார்கள் நிற்பது மெக்சிகோவின் டிஹுவானா தெருக்களில். புகை யார் கணக்கில்? டெக்சாஸின் எல் பாசோவும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸும் நடுவில் ஒரு ஆறு மட்டும் பிரிக்கும் இரட்டை நகரங்கள், மலைகளுக்கு நடுவே ஒரே காற்றைப் பகிர்ந்து மூச்சு விடுகின்றன. எல்லைப் பகுதிச் சுற்றுச்சூழலுக்காக இரு நாடுகளும் 1983-இல் லா பாஸ் ஒப்பந்தம் செய்துகொண்டதில் இந்தப் புரிதல் இருக்கிறது. காற்றுக்கு விசா கிடையாது.

இரண்டாவது, எல்லை தாண்டும் லாரிகள் ஒரு தனி இனம். அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் லாரிச் சரக்கு மிக அதிகமாகக் கடக்கும் ஊர் டெக்சாஸின் லாரெடோ. தொலைவிலிருந்து வரும் மெக்சிகோ லாரி பெரும்பாலும் பாலம் தாண்டுவதில்லை. எல்லைக்கு முன்பே சரக்குப் பெட்டியைக் கழற்றி, பாலத்தைத் தாண்டுவதற்கென்றே இருக்கும் வேறொரு இழுவை வண்டியில் மாட்டுவார்கள். அது அந்தப் பக்கம் கொண்டுபோய் விட, அங்கிருந்து அமெரிக்க லாரி எடுத்துக்கொள்ளும். இந்தப் பாலத்து வண்டிகள் நாளெல்லாம் சில கிலோமீட்டருக்குள்ளேயே வரிசையில் ஊர்பவை. நெடுந்தூரம் ஓடி ஓய்ந்த பழைய வண்டிகள்தான் பல நேரம் இந்த வேலைக்கு வரும். ஊர் மார்க்கெட்டுக்குள் மாங்காய்க் கூடை ஏற்றும் வண்டி எந்த வயதில் இருக்கும் என்று யோசித்தால் புரியும். ஆகவே நாட்டின் சராசரி லாரி வயதை எடுத்துப் போட்டால் கணக்கு பொய்த்துவிடும். சாவடியில் நின்று பதிவு எண்ணைக் குறித்து, தயாரிப்பு ஆண்டைப் பார்த்துத்தான் வர வேண்டும்.

எரிபொருளும் மாறலாம். பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, பிஎஸ்-4 காலத்தில் அது 50. கந்தகம் கூடினால் நுண்துகளும் கூடும், சுத்திகரிப்புப் பெட்டியும் கெடும். எல்லைக்கு எந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் டிரைவர் டேங்க் நிரப்பினார் என்பதுகூடக் கணக்கில் வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்பதன வண்டிகளையும் மறந்துவிடக் கூடாது. ஓசூர் ரோஜாவை ஏற்றும் பெரிய குளிர்பதன லாரிகள் போன்றவற்றில் குளிரூட்டிக்கென்று தனி டீசல் எஞ்சின் இருப்பதுண்டு. டிரைவர் வண்டியை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவர் கேபின் ஏசியும் இனி வரும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினுக்கு அது கட்டாயம். சித்தப்பா பட்ட வெயிலை நினைத்தால் எவ்வளவோ முன்பே வந்திருக்க வேண்டியது. வரிசையில் ஐடில் செலவு அதனால் கூடும், அதற்குப் பதில் வரிசையைக் குறைப்பதுதானே தவிர ஏசியைக் குறை சொல்வதல்ல.

இவ்வளவும் போட்டு வரும் விடை, குழாயிலிருந்து எவ்வளவு வெளியே வந்தது என்பது. பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு சுவாசித்தார் என்பது வேறு கேள்வி. மதிய வெயிலில் காற்று மேலெழும்பிப் புகையைக் கலைத்துவிடும். மார்கழி விடியற்காலையில் ஓசூர்ப் பக்கம் பனி எப்படித் தரையோடு படுத்திருக்கும்? புகையும் அப்படியே படுத்திருக்கும். அதே 350 கிலோ, ஆனால் வரிசையோரம் கொய்யாவும் வெள்ளரியும் கூறு கட்டி விற்கும் அக்காவின் நெஞ்சுக்குள் போவது பல மடங்கு. டிரைவர் முக்கால் மணி நேரத்தில் போய்விடுவார், அந்த அக்கா நாள் முழுவதும் அங்கேயே நிற்கிறார், சாவடி ஊழியரும் அப்படித்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்த அக்காக்களைப் பார்த்துத்தான்.

நீங்களே முயன்று பார்க்க விரும்பினால் கருவி எதுவும் வேண்டாம். நெடுஞ்சாலையில் இறங்கி நிற்காதீர்கள், அது ஆபத்து. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். வேகத்தைப் பதியும் ஜிபிஎஸ் செயலி ஒன்றைப் போனில் ஓடவிடுங்கள். எல்லையில் வரிசை தொடங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்தால் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு வேகம் இருக்கும். சுழியமாக இருக்கும் விநாடிகளைத் தனியே கூட்டுங்கள், அது ஐடில். சுழியத்திலிருந்து எழும்பி மறுபடி சுழியத்துக்கு விழும் ஒவ்வொரு மேடும் ஒரு இழுப்பு, அவற்றை எண்ணுங்கள். பஸ்ஸின் எடை லாரியில் பாதியும் இருக்காது, அதனால் என் 15 மில்லியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எடையையும் எட்டிய வேகத்தையும் மாற்றிப் போடுங்கள். ஒரே வாரத்தில் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை செய்து பார்த்தால், மொத்த நேரம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் இழுப்புகளின் எண்ணிக்கை வேறாக இருக்கும் நாட்கள் அகப்படும். அந்த இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.